சண்டர்லேண்டும் செங்குன்றம் ஏரியும்

மார்ச் 1, சனி

லண்டன் ஹெண்டனில் இருக்கும் விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு வந்தேன். அங்கே இரண்டாம் உலகப் போர்க்கால ஷார்ட் சண்டர்லேண்ட் என்ற பறக்கும் படகுக்குள், அதாவது தண்ணீரில் இறங்கி எழும் விமானத்துக்குள், ஏறி நடந்து பார்க்கலாம். உள்ளே போனால் விமானம் என்ற நினைப்பே வரவில்லை. இரண்டு தளங்கள், அடுப்போடு ஒரு சமையலறை, படுத்துத் தூங்க இடம், கழிப்பறை, அப்புறம் ஒரு நங்கூரம். இதற்கென்று சொந்தமாகச் சக்கரம் கிடையாது. கரையேற்ற வேண்டுமென்றால் தண்ணீரிலேயே சக்கரங்களை மாட்டி, வால் முன்னே வரும்படி இழுப்பார்கள். மற்ற நாளெல்லாம் அது மிதந்தபடியே கிடக்கும், காற்று பலமாக அடித்தால் யாராவது உள்ளேயே தங்கிக் காவல் காக்க வேண்டும்.

வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தபோது ஒன்று உறுத்தியது. நான்கு இன்ஜின்களும் நேராகப் பார்க்காமல் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கின்றன. ஏன்?

மார்ச் 3, திங்கள்

விடை கிடைத்துவிட்டது. இதை வடிவமைத்தவர் ஆர்தர் கௌஜ். முதல் விமானத்தைக் கட்டியது இங்கிலாந்தின் ரோச்செஸ்டரில், மெட்வே ஆற்றங்கரையில். முதலில் மூக்கில் ஒரு 37 மில்லிமீட்டர் பீரங்கி வைப்பதாகத்தான் திட்டம். பிறகு அதைக் கைவிட்டு மூக்கில் லேசான துப்பாக்கியும், வாலில் நான்கு இயந்திரத் துப்பாக்கிகள் கொண்ட கூண்டும் வைக்க முடிவானது. பாரம் வால் பக்கம் போய்விட்டது. உடம்பையே மாற்ற நேரமில்லாததால் இறக்கைகளைச் சுமார் நாலேகால் டிகிரி பின்னுக்குச் சாய்த்தார்கள், அதோடு சேர்ந்து இன்ஜின்களும் திரும்பிக்கொண்டன. 1937 அக்டோபர் 16 அன்று ஜான் லாங்கெஸ்டர் பார்க்கர் முதல் தடவை ஓட்டியபோது இறக்கை பழைய மாதிரிதான் இருந்தது, அதற்குப் பிறகுதான் பட்டறைக்குத் திரும்பிப் போய்ச் சாய்வு வாங்கியது. ஒரு துப்பாக்கியை மாற்றியதன் தழும்பு, கட்டிய எல்லாச் சண்டர்லேண்டிலும், கிட்டத்தட்ட 750 விமானங்களில், கடைசிவரை இருந்திருக்கிறது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

மார்ச் 5, புதன்

போர்க்காலத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். வேலை என்னவோ சலிப்பான வேலைதான், அட்லாண்டிக் மேல் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிப் பறப்பது. தண்ணீருக்கடியில் வெடிக்கும் ஆழ்வெடிகள் உடம்புக்குள்ளே இருக்கும், தாக்கும் நேரத்தில் பக்கவாட்டுக் கதவு திறந்து, தண்டவாளத்தில் நகர்ந்து இறக்கைக்கு அடியில் வந்து நிற்கும்.

1943 ஜூன் 2 அன்று பிஸ்கே விரிகுடாவில், காலின் வாக்கர் என்ற ஆஸ்திரேலியர் ஓட்டிய ஒற்றைச் சண்டர்லேண்டை எட்டு ஜெர்மன் யுங்கர்ஸ் 88 போர் விமானங்கள் சூழ்ந்துகொண்டன. முக்கால் மணி நேரச் சண்டை. மூன்றை வீழ்த்தியதாக இவர்கள் சொன்னார்கள். பதினொரு பேரில் ஒருவர் இறந்துபோனார், ஒரு இன்ஜின் போய்விட்டது, உடம்பெல்லாம் ஓட்டை. ஓட்டையான படகை நடுத்தண்ணீரில் இறக்கினால் மூழ்கிவிடும் இல்லையா, அதனால் இங்கிலாந்தின் கார்ன்வாலில் ப்ரா சாண்ட்ஸ் கடற்கரையை ஒட்டி இறக்கி மணலில் ஏற்றிவிட்டார்கள். பிறகு அலை அதை உடைத்துப்போட்டது. அந்தக் குழுவில் பெரும்பாலானவர்கள் ஆகஸ்ட் 13 அன்று, வாக்கர் இல்லாமல் வேறொரு சண்டர்லேண்டில் போனபோது, திரும்பி வரவில்லை. இதைப் படித்த பிறகு இன்று மேலே எழுத முடியவில்லை.

மார்ச் 8, சனி

எனக்கு இந்த விமானத்தின் மிகப் பெரிய வேலையாகத் தெரிவது 1944இல் பர்மாவில் நடந்தது. ஜப்பானியப் படைகளுக்குப் பின்னால் காட்டில் போரிட்ட சிண்டிட் என்ற பிரிட்டிஷ் சிறப்புப் படை வீரர்கள், காயத்தோடும் காய்ச்சலோடும் மாட்டிக்கொண்டார்கள். பருவமழையில் ஓடுதளமெல்லாம் சேறு. ஆனால் பக்கத்தில் இந்தோஜி ஏரி இருந்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் 230ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த இரண்டு சண்டர்லேண்டுகள் அசாமில் பிரம்மபுத்திராவிலிருந்து கிளம்பி, மழை மேகத்துக்குள் மலைகளைத் தாண்டி, அந்த ஏரியில் போய் இறங்கின. ஜூன், ஜூலையில் ஐநூறுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றி வந்தன. வீரர்கள் அவற்றுக்கு கெர்ட், டெய்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். கடலுக்காகக் கட்டிய விமானம், கடலே தெரியாத ஒரு காட்டில் போய் உயிர்களைத் தூக்கி வந்திருக்கிறது!

பெர்லின் முற்றுகையின்போதும் (1948, தரைவழி அடைபட்டு எல்லாம் விமானத்தில் போன காலம்) இதே கதைதான், ஹேவல் ஏரியில் உப்பு மூட்டையோடு இறங்கியது. உப்பு சாதாரண விமானத்தை அரித்துவிடும், இதுவோ உப்புத் தண்ணீரிலேயே வாழப் பழகியது.

மார்ச் 9, ஞாயிறு

அப்பாவிடம் போனில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பிறந்து வளர்ந்தது சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் செங்குன்றம். "நம்ம ஏரில வெள்ளைக்காரன் பிளேன் இறங்கும்னு தாத்தா சொல்லுவாருப்பா" என்றார் சாதாரணமாக. போனை வைத்துவிட்டுத் தேடினேன். 230ஆம் படைப்பிரிவு 1945இல் இலங்கையின் கொக்கலையிலிருந்து ரெட்ஹில்ஸ் ஏரிக்கு, அதாவது எங்கள் செங்குன்றம் ஏரிக்கு, மாறியிருக்கிறது! பர்மாவுக்குப் போன அதே பிரிவு, நாங்கள் தண்ணீர் குடிக்கும் அதே ஏரி.

உடனே திரும்பக் கூப்பிட்டேன். தாத்தா சொன்னதில் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். கரையில் நிற்க விடமாட்டார்களாம், சத்தம்தான் முதலில் வருமாம், மாடுகள் மிரண்டு ஓடுமாம். அவ்வளவுதான் அப்பாவுக்கு நினைவிருக்கிறது.

"நீ ஏறிப் பார்த்தியே, அது நம்ம ஊருக்கு வந்த பிளேனா?" என்று கேட்டார். இல்லை அப்பா, அது ஐரோப்பாவில் பறந்தது, கடைசியில் பிரெஞ்சுக் கடற்படையிடம் இருந்தது என்றேன். "சரி, அதுவும் இதே மாதிரிதானே இருந்திருக்கும்" என்றவர், போட்டோ அனுப்பச் சொன்னார். இன்ஜின் வெளியே திரும்பியிருப்பது தெரிகிற மாதிரி ஒன்று அனுப்பியிருக்கிறேன்.