ஒன்றரை அடி

2019-ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்த கராத்தே கறுப்பு பெல்ட் தேர்வில் நான் தோற்றுப்போனேன். என்னைத் தோற்கடித்தது மூன்று மாதம் மூச்சிரைக்கப் பயின்ற பெரிய கட்டாவும் (தனியாகச் செய்துகாட்டும் அசைவுகளின் வரிசை) இல்லை, சண்டைச் சுற்றும் இல்லை. கராத்தே வகுப்பில் சேர்ந்த முதல் மாதத்திலேயே, அயனாவரத்தில் ஒரு விளையாட்டுத் திடலில், ஏழு வயது மகளுக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்ட ஹெயான் ஷோடான் என்ற ஆரம்பக் கட்டா. எல்லாம் முடிந்ததென்று நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தேர்வு நடத்திய மூத்த மாஸ்டர் மறுபடி அழைத்து, அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொன்னார். 21 அசைவுகள் கொண்ட அந்தக் கட்டா, புறப்பட்ட இடத்திலேயே வந்து முடிய வேண்டும். நான் கண்ணைத் திறந்தபோது, புறப்பட்ட இடம் எனக்கு இடப்பக்கமாக ஒன்றரை அடி தள்ளியிருந்தது. "ஆறு மாசம் கழிச்சு வாங்க சார்" என்றார். வேறு விளக்கம் எதுவும் தரவில்லை.

நான் கராத்தேயில் சேர்ந்தது 37 வயதில். மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் மதில்மேல் உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாக நானும் நின்றேன், அவ்வளவே. அவள் ஒன்பதாம் வகுப்பில் டியூஷன் வந்ததும் விலகிவிட்டாள், நான் விலகவில்லை. மஞ்சள், பச்சை, நீலம், பிரவுன் என்று பெல்ட்டுகள் மாறிக்கொண்டே வந்தன. ஒவ்வொரு முறையும் கட்டணம் கட்டி, சான்றிதழ் வாங்கி, படமெடுத்துக்கொண்டேன். சில வகுப்புகளில் மூன்று மாதத்துக்கொரு தேர்வு வைத்துப் பெல்ட் கொடுப்பதைப் பலரும் வியாபாரம் என்று குறை சொல்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் வாங்கிக்கொள்ள நான் எவ்வளவு ஆவலாக இருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தோற்ற பிறகுதான் இந்தப் பெல்ட்டுகள் எங்கிருந்து வந்தன என்று படித்துப் பார்த்தேன். கராத்தே பிறந்த ஒக்கினாவாத் தீவில், பழைய முறையில் பெல்ட்டே கிடையாது. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1880-களில் தொடங்கிய தரமுறையை, கராத்தேயை ஜப்பானின் பெருநிலத்துக்குக் கொண்டுசென்ற கிச்சின் ஃபுனகோஷி ஏற்றுக்கொண்டு, 1924-இல் தம் மாணவர்களுக்கு முதன்முதலாக டான் என்னும் கறுப்பு பெல்ட் தரம் வழங்கினார். அந்த முதல் தரத்தின் பெயர் ஷோடான். 'ஷோ' என்பதற்கு ஆரம்பம் என்று பொருள். அதாவது கறுப்பு பெல்ட்டின் பெயரும் வெள்ளை பெல்ட்காரர் கற்கும் முதல் கட்டாவின் பெயரில் வரும் 'ஷோடான்' என்பதும் ஒன்றே, எழுதும் எழுத்துகளும் அவையே. ஆறு வருடம் அந்தச் சொல்லை வாயால் சொல்லிக்கொண்டிருந்தும் எனக்கு இது உறைக்கவில்லை.

ஆறு மாதத்தில் போக வேண்டிய மறுதேர்வை 2020-ன் ஊரடங்கு விழுங்கிவிட்டது. மொட்டை மாடியில் சாக்பீஸால் கோடு கிழித்து, தினமும் விடியலில் கண்ணை மூடிச் செய்து பார்த்தேன். ஒரு கால் எடுத்துவைக்கும் எட்டு மற்றதைவிடக் குறுகியிருக்கிறது என்பதே என் முதல் சந்தேகம். ஆனால் இந்தக் கட்டாவில் நேர்கோட்டில் முன்னே போகும் எட்டுகளும் திரும்பி வரும் எட்டுகளும் ஒரே கால் வரிசையில் அமைந்தவை. எட்டு குறைந்தால் போகும்போதும் குறையும், வரும்போதும் குறையும், கணக்கு நேராகிவிடும். அப்படியானால் பிழை திருப்பத்தில் இருக்க வேண்டும். கட்டாவில் இரண்டு முறை வரும் 'கியாய்' என்ற உரத்த கூச்சல் ஒவ்வொன்றுக்கும் அடுத்ததாக, வலக்காலை ஊன்றி இடக்காலைப் பின்னால் சுழற்றி முக்கால் வட்டம் திரும்பும் இடம் ஒன்று வருகிறது. அங்கே என்ன நடக்கிறது என்பதைச் சிமெண்டுத் தரை எனக்குக் காட்டவில்லை.

மணல் காட்டியது. கடற்கரையை மறுபடி திறந்துவிட்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் மெரினாவின் ஈர மணலில் அதே கட்டாவைச் செய்துவிட்டு என் காலடித் தடங்களைப் பார்த்தேன். இடக்கால் ஊன்றித் திரும்பிய இடங்களில் தடம் வட்டமாகக் குழிந்திருந்தது. வலக்கால் ஊன்றி முக்கால் வட்டம் திரும்பிய இரண்டு இடங்களிலும் பிறை வடிவில் ஒரு சாண் நீளத்துக்கு மணல் இழுபட்டிருந்தது. சற்றுத் தள்ளிச் சிலம்பம் சுற்றிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், கம்பை ஊன்றிக்கொண்டு வந்து அதைக் குனிந்து பார்த்தார். "தம்பி, இந்தக் கணுக்கால்ல பழைய அடி ஏதாவது உண்டா?" என்று கேட்டார். உண்டு, கல்லூரி நாளில் பைக்கிலிருந்து விழுந்து சுளுக்கிய கால் அது. தமக்குக் கம்பைக் கையில் கொடுக்கும் முன்பு மாதக்கணக்கில் காலடி மட்டுமே போடவைத்தார்கள் என்றும், கால் பிசகினால் கம்பு தானாகப் பிசகும் என்றும் சொன்னார். அவர் இடுப்பில் எந்த நிறமும் இல்லை, ஒரு துண்டு மட்டும் இருந்தது.

வீட்டுக்கு வந்து, பாதம் முழுதும் தரையில் பதிந்திருக்க முழங்காலால் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். கால் கட்டைவிரலுக்கும் சுவருக்கும் இடையே இடக்காலில் ஐந்து அங்குலம் வந்தது. வலக்காலில் இரண்டுகூட வரவில்லை. மடங்காத கணுக்கால் திருப்பத்தில் வழுக்கியிருக்கிறது. கண் திறந்திருக்கும்போது மட்டும் ஏன் இடம் சரியாக வந்தது என்பதும் அப்போது விளங்கியது: கடைசி நான்கு அசைவுகளில் ஓரக்கண்ணால் பார்த்து இடத்தைத் திருட்டுத்தனமாகச் சரிசெய்திருக்கிறேன். ஆறு வருடம், அத்தனை பெல்ட்டுகள், யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

அதன்பின் ஏறத்தாழ ஒரு வருடம் புதிதாக எதையும் கற்கவில்லை. காலையில் சுவரருகே கணுக்காலை வளைப்பது, பிறகு அந்த ஒரு திருப்பத்தை மட்டும் மெதுவாக இருபது முறை செய்வது. சலிப்பாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். பல நாள் எட்டு முறையோடு நிறுத்திவிட்டுக் காபி குடிக்கப் போயிருக்கிறேன். ஆனால் திருப்பம் மெதுவாகும்போது, எடை எந்தக் கணத்தில் குதிகாலிலிருந்து நழுவுகிறது என்பது உள்ளங்காலுக்குத் தெரியத் தொடங்கியது. வேகத்தில் அது ஒருபோதும் தெரிந்ததில்லை.

2022-இல் மறுதேர்வு எழுதித் தேறினேன். பெல்ட் அலமாரியில் இருக்கிறது, வகுப்புக்குப் போகும்போது கட்டிக்கொள்கிறேன்.

மெரினாவுக்கு இன்னும் போகிறேன். கல்லூரி விடுமுறையில் மகள் கூட வந்தால், அம்மாவின் தையல் டேப்பை எடுத்து வந்து அளப்பாள். போன ஞாயிற்றுக்கிழமை நான்கு விரற்கடை தவறியிருந்தது. இதுவரை எப்போதும் வலப்பக்கமே தள்ளிப் போனவன், முதன்முறையாக இடப்பக்கம் போயிருக்கிறேன். காரணம் இன்னும் பிடிபடவில்லை.