கழித்தல் ஆறு, கூட்டல் பதினேழு

22 செப்டம்பர் 2025
அக்காவுக்கு ஏற்ற, தம்பியின் ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல் சேகரிப்பு முடிந்தது. நடுவில் அவருக்கு உதடு மரத்துப்போனது. ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும். கால்சியம் ஏற்றியதும் சரியானது. அக்காவின் எடைக்கு, 58 கிலோ, கிலோவுக்கு 6.2 மில்லியன் சிடி34 செல்கள் (ஸ்டெம் செல்லை அடையாளம் காட்டும் குறி சிடி34). நான்கு பைகள், பைக்கு 60 மில்லி, உறையும்போது செல்லைக் காக்க 10 விழுக்காடு டிஎம்எஸ்ஓ.

உறையவைக்க, நிமிடத்துக்கு 1 டிகிரியாக இறக்கினோம். மூன்றாவது பை கேசட்டில், அதாவது பையைத் தட்டையாகப் பிடிக்கும் உறையில், சமமாகப் படியவில்லை, ஓரம் தடித்திருந்தது. வெப்ப உணரி இருந்ததும் அதில்தான். நீர் பனியாகும்போது வெப்பத்தை விடும்; கருவி அந்த நொடியில் நைட்ரஜனைக் கூடுதலாக அடித்து அதை விழுங்க வேண்டும். வளைகோடு இறங்காமல் நீளமாகப் படுத்துக் கிடந்தது.

23 செப்டம்பர்
மூன்றாவது பை.

26 செப்டம்பர் (−6, செல் ஏற்றும் நாளுக்கு ஆறு நாள் முன்)
அக்காவின் எதிர்ப்புச் சக்தியை ஒடுக்கும் ஃப்ளூடாராபின் தொடங்கிவிட்டார்கள். இனி எல்லாம் நம் நான்கு பைகளை நம்பித்தான்.

பைகளோடு ஒட்டிய குழாய்த் துண்டுகளை உருக்கிப் பார்த்தோம். மூன்றாவது பையின் துண்டில் உயிரோடிருக்கும் செல்கள் 61 விழுக்காடு, மற்றவற்றில் 84. ஆனால் மெல்லிய குழாய் உறைவது வேறு, பை உறைவது வேறு. துண்டை முழுதாக நம்பவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது.

29 செப்டம்பர்
பைகள் இருக்கும் நைட்ரஜன் தொட்டி மூடியின் ரப்பரில் பனி. இந்த ஊர் ஈரத்துக்கு நாலு முறை திறந்தால் போதும், மூடி சரியாக உட்காராது. சுரண்டினோம். 1 லிட்டர் திரவ நைட்ரஜன் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகி அறையின் ஆக்சிஜனைத் தள்ளிவிடும். ஆக்சிஜன் அலாரம் 19.5 விழுக்காட்டில் கத்தினால் கேள்வி கேட்காமல் வெளியே ஓட வேண்டும். புதியவர் நின்று மீட்டரைப் படித்துக்கொண்டிருந்தார்!

1 அக்டோபர் (−1)
2 கிரே கதிர்வீச்சு முடிந்தது. மூன்றாவது பையைக் கழித்தாலும் உயிருள்ளவை கிலோவுக்கு 3.9 மில்லியன் தேறும். கழிப்பதா? நான்கையும் கொடுத்தால் டிஎம்எஸ்ஓ 26 கிராம். அவர் எடைக்கு ஒரு நாள் வரம்பு 58. கொடுப்போம்.

2 அக்டோபர் (0)
37 டிகிரி தண்ணீர்த் தொட்டி. உள்ளே ஒரு சில்லு பனி மிச்சமிருக்கும்போதே எடுக்க வேண்டும். முழுதும் இளகினால் டிஎம்எஸ்ஓ செல்லைத் தின்னத் தொடங்கும். ஒரு பை ஏறி முடிந்த பிறகே அடுத்ததை உருக்கினோம். மூன்றாவது பையைக் கடைசியில் வைத்தோம். கசிவில்லை. அறை முழுக்கப் பூண்டும் வெந்த சோளமும் கலந்த வாடை.

4 அக்டோபர் (+2)
காய்ச்சல் 39.4 டிகிரி. இரவு மருத்துவர் ஸ்டீராய்டு கொடுக்கலாமா என்று கேட்டார். கூடாது. அக்கா தம்பி திசுக்களுக்குப் பாதிப் பொருத்தம்தான் இது. தம்பியின் டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் அக்காவின் உடலை அந்நியமாகக் கண்டு பெருகும் காய்ச்சலாக இருக்கலாம். பெருகட்டும். பெருகுபவற்றைத்தான் நாளையும் மறுநாளும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு கொல்லும், கிலோவுக்கு 50 மில்லிகிராம். ஸ்டீராய்டு அவற்றை அடக்கிவிட்டால் குறி தப்பும். தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக் மட்டும். ஸ்டெம் செல்களிடம் அந்த மருந்தை முறிக்கும் நொதி நிறைய உண்டு, அதனால் அவை பிழைக்கும். எலிகளில் பார்த்து, அமெரிக்காவின் பால்டிமோரில் மனிதருக்குக் கொண்டுவந்த வழி. இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

7 அக்டோபர் (+5)
காய்ச்சல் இல்லை. எதிர்ப்பை அடக்க டாக்ரோலிமஸ், வெள்ளணுவைத் தூண்ட ஜிசிஎஸ்எஃப்.

11 அக்டோபர் (+9)
சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டில் தீபாவளி விளக்குகள். அக்காவின் அம்மா என்னைக் கேட்டார்: “ஒரு முழம் மல்லிகை, தலைமாட்டில் வைக்கலாமா தம்பி?” வேண்டாம் அம்மா. பூவிலும் மண்ணிலும் பூஞ்சை இருக்கும். அவருக்கு இப்போது தடுக்க ஆளில்லை.

14 அக்டோபர் (+12)
0. நியூட்ரோஃபில், கிருமியைத் தடுக்கும் வெள்ளணு, ஒன்றுகூட இல்லை. துண்டு சொன்னது உண்மையோ?

1957இல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையின் முன்னோடி டோனல் தாமஸ் வெளியிட்ட ஆறு நோயாளிகளில் நூறு நாளைத் தாண்டியவர் எவருமில்லை. பல ஆண்டுகள் நாய்களில் வேலை செய்தார். நோபெல் 1990இல். நான் பன்னிரண்டு நாளுக்கே வளைகோட்டை அச்சடித்து மேசையில் ஒட்டியிருக்கிறேன்.

17 அக்டோபர் (+15)
எந்திரம் 90 என்கிறது. கண்ணாடித் தகட்டில் தேடினால் மொத்தம் நாற்பது வெள்ளணுகூட இல்லை. இந்த நிலையில் எந்திரத்தின் எண்ணை எழுதவே கை வரவில்லை. ஆனால் மோனோசைட் என்ற வெள்ளணு ஏழு. அவைதான் முதலில் தலைகாட்டும்.

18 அக்டோபர்
130.

19 அக்டோபர் (+17)
210. மூன்று நாள் தொடர்ந்து 500 வேண்டும். அவை தம்பியுடையவைதானா என்பது முப்பதாம் நாள் மரபணுச் சோதனையில் தெரியும். மூன்றாவது பையின் துண்டு ஒன்று இன்னும் தொட்டியில் இருக்கிறது. நாளை காலை ஐந்து மணிக்கு ரத்தம் எடுப்பார்கள்,