கார்த்திகையை எண்ணுகிறேன்: மூன்று அமாவாசைக் கணக்கு

மார்கழி அமாவாசையன்று ஆரம்பித்தேன். ஊர் திருப்பத்தூர், இடம் எங்கள் வீட்டு மொட்டைமாடி. ஊர் விளக்குகளால் இரவு வானம் எவ்வளவு வெளுத்துப் போயிருக்கிறது என்று அளக்கக் கருவி இருக்கிறது, ஆனால் விலை கையைக் கடிக்கிறது. சரி, கார்த்திகை நட்சத்திரக் கூட்டமே போதும் என்று விட்டுவிட்டேன். பழைய பெயரே அறுமீன்தானே, அப்படியானால் ஆறு தெரிய வேண்டும். அந்தக் கூட்டத்திலேயே அளவுகோலும் இருக்கிறது: முதல் நட்சத்திரத்தின் மேக்னிடியூட், அதாவது பிரகாச எண், 2.9, அடுத்த மூன்றும் 3.6 முதல் 3.9 வரை, ஐந்தாவது 4.2, ஆறாவது 4.3, ஏழாவதாக ஒன்று 5.1. எண் கூடக் கூட மங்கல். எத்தனையாவது வரை கண்ணுக்குத் தெரிகிறதோ, அந்த அளவுக்குத்தான் நம் வானம்.

முதல் நாள் எண்ணிக்கை: பூஜ்யம். பஞ்சுத் துணுக்கு மாதிரி ஒரு திட்டு, அவ்வளவுதான். நகராட்சியில் ஆரம்பித்து எல்லோரையும் திட்டிவிட்டுக் கீழே வந்தபோது வீட்டில் கேட்டார்கள், கண்ணாடி மாற்றி எத்தனை வருஷம் ஆச்சு என்று. பவர் கூடியிருந்தது. புதுக் கண்ணாடியில் மூன்று.

அப்புறம் நம் வீட்டு விளக்குகளைக் கவனித்தேன். மாடிப்படிக்கு மேலே 20 வாட்ஸ் வெள்ளை டியூப், பாதி வெளிச்சம் மேலே பார்த்துத்தான் போகிறது. அதை எடுத்துவிட்டு 9 வாட்ஸ் மஞ்சள் பல்பு போட்டேன், பழைய எண்ணெய் டின்னை வெட்டிக் கறுப்படித்து மூடி மாதிரி கவிழ்த்தேன். எதிர் வீட்டு அக்காவின் ஃப்ளட் லைட்தான் பெரிய தலைவலி. "திருடன் வந்தா தம்பி நீயா பாப்ப?" என்றார். நியாயம். அவர் கேட்டருகே என்னை நிற்க வைத்து, விளக்கிலிருந்து இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தால் கண் கூசி ஆள் முகமே தெரியவில்லை என்று அவரே கண்டுபிடித்தார். தரையைப் பார்க்கத் திருப்பிவிட்டோம். தை அமாவாசையில், இருபது நிமிடம் போனைத் தொடாமல் படுத்திருந்து எண்ணினேன்: நான்கு நிச்சயம், ஐந்தாவது வந்து வந்து போனது.

குதித்தேன்தான். ஆனால் முன்பும் பின்பும் ஒரே செட்டிங்கில், 10 நொடி எக்ஸ்போஷரில் எடுத்த போட்டோக்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வானத்தின் வெளுப்பில் துளி மாற்றமில்லை. மாறியது என் கண்தான்: பக்கத்து விளக்கு கூசாததால் இருட்டுக்குப் பழகியிருக்கிறது. மேலே உள்ள வெளுப்பு ஊர் முழுக்க எரியும் விளக்குகளின் ஒளி காற்றில் சிதறி வருவது, அதிலும் வெள்ளை எல்இடியில் உள்ள நீலம் அதிகமாகச் சிதறும், பகல் வானம் நீலமாக இருக்கிற அதே காரணம்தான். ஒரு டின் மூடியால் அது அசையாது. லடாக்கின் ஹான்லேயில் 2022-ல் இருள் வானக் காப்பகம் (இரவின் இருட்டைக் காக்கும் பகுதி) அறிவித்தபோது ஊர் விளக்குகளையும் சேர்த்துத்தானே கணக்கில் எடுத்தார்கள்.

மாசி அமாவாசைக்கு ஜவ்வாது மலை ஏறினேன், காவலூர்ப் பக்கம். அங்குள்ள வானாய்வகத்தில் 2.34 மீட்டர் அகல ஆடி கொண்ட தொலைநோக்கியைக் கொண்டுபோய் வைத்ததற்கு அந்த இருட்டும் ஒரு காரணம். ரோட்டோரம் பாய் விரித்து எண்ணினால் ஆறு சட்டென்று, ஏழாவது கொஞ்சம் ஓரக்கண்ணால். ஆனால் திரும்பிப் பார்த்தால் மலைக்குக் கீழே ஊர்கள் இருக்கும் பக்கமெல்லாம் வெளிச்சம் குடை விரித்த மாதிரி நிற்கிறது. நம் ஊர் எது என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை, எல்லாம் ஒன்றாகக் கலந்திருந்தது.

இறங்கியதும் தெருவிளக்குக்கு மூடி கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். "லைட் எரியலைன்னுதான் சார் மனு வரும்" என்று வாங்கியவர் சிரித்தார், ஆனால் வாங்கிக்கொண்டார். இன்னும் கொஞ்ச நாளில் கார்த்திகை மேற்கே இறங்கிவிடும். அடுத்த எண்ணிக்கை இனி மார்கழியில்தான், அதே பாய், அதே கண்ணாடி.