எலும்பைக் கரைப்பவை யாருடைய வாரிசுகள்?

எலும்பை உயிரற்ற தூண் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அதைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள், கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ்களின் நெருங்கிய உறவினர்கள் என்று படித்தபோதுதான் அந்த எண்ணம் தகர்ந்தது. ஆஸ்டியோகிளாஸ்ட்களை முதிரச் செய்யும் ரேங்க்-எல் என்னும் புரதத்தை, எலும்புக்குள் பதிந்திருக்கும் ஆஸ்டியோசைட் செல்கள் மட்டுமன்றித் தூண்டப்பட்ட டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்களும் உண்டாக்குகின்றன. முடக்குவாதத்தில் மூட்டுச் சவ்வின் அழற்சி ஓயாமல் நீடிக்கும்போது, அங்கு இப்புரதம் மிகுந்து, மூட்டை ஒட்டிய எலும்பு அரிக்கப்படுகிறது. ஆஸ்டியோபுரோடெஜெரின் என்னும் மற்றொரு புரதம் ரேங்க்-எல்லைப் பிடித்துக்கொண்டு (இயற்கை வைத்த பொறி என்பேன்) இதைத் தணிக்கிறது. 2010இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற, எலும்பு மெலிவு நோய்க்கான டெனோசுமாப் மருந்தும் ஏறத்தாழ இதையே செய்கிறது. ஆனால் அதைத் திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த கரைப்பு வேகமாகத் திரும்பி, முதுகெலும்பு முறிவுகள்கூட நேரக்கூடும்.