வெளியே போகாமல் நின்றவை

டிசம்பர் 1, 2017, வெள்ளி

ஒக்கி புயல் அடித்ததிலிருந்து கரண்ட் இல்லை. தெருமுனையில் ரப்பர் மரம் கம்பியோடு விழுந்து கிடக்கிறது. நான் நடத்தும் நியூஸ் சர்வர், யூஸ்நெட்டில் மற்ற சர்வர்களோடு கட்டுரைகளை வாங்கிக் கொடுக்கும் பெட்டி, எப்போது அணைந்தது என்று தெரியவில்லை. யு.பி.எஸ். செத்துக் கிடக்கிறது.

டிசம்பர் 2, சனி

வள்ளவிளையிலிருந்து ஆள் வந்தது. மாமா போன வள்ளம் கரை சேரவில்லையாம்.

டிசம்பர் 3, ஞாயிறு

பக்கத்து வீட்டு அண்ணன் கொஞ்ச நேரம் ஜெனரேட்டர் தந்தார். டிஸ்க்கைச் சோதித்தேன். ஸ்பூலில், அதாவது வந்ததைச் சேர்த்து வைக்கும் இடத்தில், கட்டுரைகள் பெரும்பாலும் பத்திரம். ஆனால் வெளியே அனுப்ப வேண்டியவற்றின் பட்டியல், ஒவ்வொரு சர்வருக்கும் ஒன்று என்று இருந்த கோப்புகள், எல்லாமே பூஜ்யம் பைட்.

இதுதான் தூங்க விடவில்லை. ஒரு கட்டுரை வந்ததும் நம் சர்வர் 239 என்று பதில் சொல்கிறது. வாங்கிக்கொண்டேன் என்று அர்த்தம். தந்தவர் அதை நம்பித் தன் வரிசையிலிருந்து எடுத்துவிடுவார். இனி அது நம் பொறுப்பு. வெளியிலிருந்து வந்தவை வேறு வழியிலும் சுற்றிப் போய்விடும், அதில் பயமில்லை. இங்கே உள்ளூரில் எழுதியவற்றுக்கு வேறு வழியே கிடையாது. 30ஆம் தேதி விடியற்காலை தக்கலை சார் காற்றழுத்த அளவுகளைப் போட்டிருக்கிறார். புயல் நெருங்கி வரும்போது ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதி வைத்த கணக்கு. உலகத்தில் வேறு எந்த சர்வரிலும் அது இல்லை.

காலாவதியானதை அழித்து, சர்வர் செய்ததையெல்லாம் குறித்து வைக்கும் லாக்கை மாற்றி வைக்கும் தினசரி வேலையை, நேரம் பார்த்து வேலைகளை ஓட்டும் கிரானில் நிறுத்திவிட்டேன். பழைய லாக் அப்படியே இருக்க வேண்டும். அப்புறம், எழுதிய நாளிலிருந்து 10 நாள் தாண்டினால் பெரும்பாலான சர்வர்கள் வாங்காது. சாரின் கட்டுரைக்கு 10ஆம் தேதி வரைதான்.

டிசம்பர் 4, திங்கள்

தகவல் இல்லை. அத்தை போனில் பேசவே இல்லை, மூச்சு மட்டும் கேட்டது.

டிசம்பர் 5, செவ்வாய்

மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் லேப்டாப்புக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டே லாக்கைப் படித்தேன். கூட்டல் குறி போட்ட வரிகள்தான் ஏற்றுக்கொண்டவை. யார் தந்தது, ஒவ்வொரு கட்டுரைக்கும் தனி அடையாளமான மெசேஜ் ஐடி, யார் யாருக்குப் போக வேண்டும், எல்லாம் அதே வரியில் இருக்கிறது. ஆக் (awk) என்ற நிரல்மொழியில் சின்ன நிரல் எழுதி சர்வர் வாரியாகப் பிரித்தேன். சாரின் வரி மட்டும் இல்லை. கடைசிச் சில வரிகள் டிஸ்க்குக்கு வந்து சேரும் முன்னே மின்சாரம் போயிருக்கிறது.

டிசம்பர் 6, புதன்

கரண்ட் வந்தது! மேக்ஹிஸ்டரி என்ற நிரல் ஸ்பூல் முழுவதையும் படித்து, என்னென்ன கட்டுரை வந்தது என்ற வரலாற்றுக் கோப்பைத் திரும்பக் கட்டியது. சாரின் கட்டுரை அதில் இருக்கிறது. கடந்து வந்த சர்வர்களைச் சொல்லும் அதன் பாத் வரியில் நம் சர்வர் மட்டும்தான். எல்லோருடைய பட்டியலிலும் சேர்த்தேன். சந்தேகம் இருந்ததையும் சேர்த்தேன். இரண்டு முறை போனால் கெடுதலில்லை, மெசேஜ் ஐடியைப் பார்த்து எதிர்ப்பக்கம் வேண்டாம் என்றுவிடும். போகாமல் விடுவதுதான் கெடுதல்.

இணைய இணைப்பு இன்னும் வரவில்லை.

டிசம்பர் 7, வியாழன்

அத்தையோடு குழித்துறை ஸ்டேஷன். தண்டவாளம் முழுக்க ஆட்கள், ஆயிரக்கணக்கில். காணாமல் போனவர்களைத் தேடு என்பது ஒன்றுதான் கேட்பது. அத்தை மாமாவின் போட்டோவைக் கீழே வைக்கவே இல்லை.

டிசம்பர் 8, வெள்ளி

இணைப்பு வந்தது. வரிசையை ஓட்டினேன். 438, 438, 438. ஏற்கனவே இருக்கிறதாம், நல்லது. சாரின் கட்டுரைக்கு முதல் சர்வர் 238 சொல்லிக் கேட்டு வாங்கியது, 239. இரண்டாவதில் நான் வேண்டுமா என்று கேட்டதுமே 438. முதலாவதிடமிருந்து அங்கே போய்விட்டது! எழுந்து நின்று கத்தினேன். சாரிடம் போனில் சொன்னேன். "சரி மக்களே, மாமாவைப் பற்றி ஏதாவது தெரிஞ்சுதா?" என்றார்.

டிசம்பர் 9, சனி

லட்சத்தீவில் கரையேறியவர்களின் பெயர்ப் பட்டியல் தூத்தூருக்கு வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். அத்தையைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறேன். ஒரு சர்வர் மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை, அதன் கோப்பை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.