சால்மனுக்கும் கடல் டிரவுட்டுக்கும் ஒரே ராடு: இதுவரை

சால்மனையும் கடல் டிரவுட்டையும் ஒரே ராடால் (தூண்டில் கோலால்) பிடிக்கப் பார்க்கிறேன். ராடை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று லூர்களை (செயற்கை இரைகளை) முதலில் தராசில் வைத்தேன். சால்மனுக்கான டோபி ஸ்பூன்கள் (கரண்டி போல வளைந்த உலோக லூர்கள்) 18 கிராமும் 28 கிராமும். கடல் டிரவுட்டுக்கான மெப்ஸ் ஸ்பின்னர்கள் (இழுக்கும்போது தகடு சுழலும் லூர்கள்) பத்து கிராமைத் தாண்டவில்லை. ஒரே ராடில் சமாளிக்க முடியுமா என்ற கேள்வியே இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. நீளம், கம்பெனி, கைப்பிடி எல்லாம் பிறகுதான்.

கைப்பிடிக்கு மேலே ராடு தாங்கும் லூர் எடையை அச்சிட்டிருப்பார்கள். 10–40 கிராம் ராடில் டோபி நன்றாகப் பறந்தது. ஆனால் சின்ன ஸ்பின்னருக்கு நுனி வளையவே இல்லை, லூர் பாதித் தூரத்திலேயே விழுந்தது. 5–20 கிராம் ராடு இதற்கு நேர் எதிர். 28 கிராமை அதில் வேகமாக வீசக் கை வரவில்லை. கடைசியில் 9 அடி, 10–30 கிராம் ராடில் நின்றேன். மிகச் சின்ன ஸ்பின்னர்களை விட்டுக்கொடுத்தாயிற்று, பரவாயில்லை.

ராடு எந்த இடத்தில் வளைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கடல் டிரவுட் என்பது கடலுக்குப் போய்த் திரும்பும் பிரவுன் டிரவுட்தான். அதன் வாய் மென்மையானது, மாட்டியதும் துள்ளும். நுனி மட்டும் வளைந்து கீழே விறைப்பாக நிற்கும் ராடு என்றால், துள்ளும்போது முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். நடுப்பகுதி வரை வளைவது எனக்குப் பிடித்திருக்கிறது. தூரம் கொஞ்சம் குறையும், மீன் தங்கும்.

தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீல் 4000 சைஸ். கடல் டிரவுட்டுக்கு மட்டும் என்றால் 2500 தாராளமாகப் போதும். சால்மன் ஆற்றோட்டத்தோடு கீழே ஓடினால் நரம்பு நிறைய வேண்டும் என்பதால்தான் பெரியது. விளம்பரத்தில் டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பைப் பிடித்துப் பிடித்து விடும் ரீல் பிரேக்) எத்தனை கிலோ தாங்கும் என்று பெரிதாகப் போடுகிறார்கள். அந்த எண்ணை நான் பார்ப்பதே இல்லை. பார்க்க வேண்டியது டிராக் எப்படி விடத் தொடங்குகிறது என்பதை. நரம்பைக் கையால் மெதுவாக இழுத்தால், சில ரீல்கள் முதலில் ஒட்டிக்கொண்டு, பிறகு 'டக்' என்று விடும். மென்வாய் மீனுக்கு அந்த ஒரு உதறல் போதும், தப்பிவிடும். நான் எடுத்ததில் முதல் அங்குலத்திலிருந்தே ஒரே சீராக வருகிறது.

டிராக்கைக் கைக்கணக்கில் விடாமல், கொக்கித் தராசை நரம்பில் மாட்டி, ராடை வளைத்துப் பிடித்து இழுத்து வைத்தேன். நரம்பின் பலத்தில் கால் பங்கு என்பது பொதுக்கணக்கு. 15 பவுண்டு நரம்பு என்றால் ஏறக்குறைய 1.7 கிலோ. கடல் டிரவுட்டுக்கு ஒரு கிலோவுக்கு இறக்கிவிடுகிறேன். வேலை முடிந்ததும் திருகைத் தளர்த்திவிடுவேன், இல்லையென்றால் உள்ளே இருக்கும் வாஷர்கள் அமுங்கிப்போகும்.

நரம்பு விஷயத்தில் ஒரே முடிவுக்கு வர முடியவில்லை, அதனால் இரண்டு ஸ்பூல் (ரீலில் நரம்பு சுற்றும் உருளை). சால்மனுக்கு 20 பவுண்டு பிரெய்டு (பின்னிய இழை), முனையில் மோனோ (ஒற்றை இழை) லீடர், அதாவது லூரைக் கட்டும் துண்டு. கடல் டிரவுட்டுக்கு முழுக்க 12 பவுண்டு மோனோ. மோனோ இழுபடும், மீன் துள்ளும்போது அந்த நெகிழ்வு காப்பாற்றுகிறது. பிரெய்டு கிட்டத்தட்ட இழுபடவே இழுபடாது. தூரத்தில் லூர் கல்லில் உரசுவது கூடக் கைக்குத் தெரியும், ஆனால் லேசான ஸ்பின்னரோடு வீசினால் காற்றில் வளையம் வளையமாகக் கிளம்பிச் சிக்கிக்கொள்ளும். பிரெய்டைச் சுற்றும்போது அடியில் கொஞ்சம் மோனோ போட்டுவிட வேண்டும். வெறும் ஸ்பூலில் சுற்றினால் மொத்தக் கட்டும் வழுக்கிச் சுழலும், டிராக்தான் பழுதோ என்று ரீலைப் பிரித்துக்கொண்டிருப்போம்! விளிம்புக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்திவிடுவது நல்லது. ஸ்பின்னர் நரம்பை முறுக்கும், எனவே பேரிங் வைத்த ஸ்விவல் (சுழலும் இணைப்பு) கட்டாயம்.

இதையெல்லாம் வாங்குவதற்கு முன் ஆற்றின் விதியைப் பார்த்துவிடுங்கள். சில இடங்களில் ஃப்ளை (பூச்சி போலக் கட்டிய இரை) மட்டும்தான். ஸ்பின்னிங் (இப்படி லூர் வீசுவது) அனுமதித்தாலும், மூன்று முள் கொக்கிக்குப் பதில் எதிர்முள் இல்லாத ஒற்றை முள் கேட்பதுண்டு. என் டோபிகளில் கொக்கிகளை மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஒற்றை முள் போட்டதும் ஸ்பூன் ஆடும் விதம் லேசாக மாறுகிறது, ஓடும் நீரில் இழுத்துப் பார்க்க வேண்டும். வெள்ளம் ஏறிய நீருக்கு மட்டும் தனியாக ஒரு 10 அடி ராடு வேண்டுமா என்பது இன்னும் முடிவாகவில்லை.