இந்தியாவுக்கு மாநாட்டு விசா: 'அன்புள்ள மிஸ் பி'

"இந்தியாதானே மிஸ், டூரிஸ்ட்டுன்னு போடுங்க. யார் கேக்கப் போறா?" என்றார் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகிறவர்களுக்கு அது சரி. என்னைப்போல் பெங்களூரில் மாநாட்டில் கட்டுரை படைக்கப் போகிறவர்கள் அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். இணையத்தில் விண்ணப்பிக்கும் ஈ-விசாவிலேயே மாநாட்டுக்கென்று தனி வகை உண்டு: 30 நாள், ஒரே ஒருமுறை நுழையலாம்.

கடப்பிதழைப் புதுப்பித்தது, பல்கலைக்கழகத்தில் அனுமதி வாங்கியது எல்லாம் சுலபமாகவே முடிந்தன. வில்லங்கம் அதற்குப் பிறகுதான்.

மாநாட்டு விசாவுக்கு அழைப்புக் கடிதம் மட்டும் போதாது. இந்திய வெளியுறவு அமைச்சின் அனுமதியும் உள்துறை அமைச்சின் அனுமதியும் வேண்டும். இவற்றை நாம் வாங்க முடியாது, மாநாட்டை நடத்துபவர்கள்தான் வாங்கித் தர வேண்டும். நான் கேட்டபோது மாநாட்டுச் செயலகத்திலிருந்து வந்த பதில்: "மற்றவர்கள் யாரும் கேட்கவில்லையே?" அதன்பிறகு எழுதிய மின்னஞ்சல்களுக்குப் பதிலே கிடையாது. கடைசியில் அங்கே தொண்டூழியம் செய்த ஓர் ஆய்வு மாணவர்தான், பாவம், அனுமதிக் கடிதங்கள் இருந்த கோப்பைத் தேடியெடுத்து அனுப்பினார். பதிவுக் கட்டணம் கட்டும் முன்பே இந்த இரண்டு அனுமதியும் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அழைப்புக் கடிதத்தைத் திறந்தால் 'அன்புள்ள மிஸ் பி' என்று இருக்கிறது! மலேசியத் தமிழர்களான நம் பெயரில், இன்னாரின் மகள் என்று காட்ட வரும் 'ஏ/பி'யின் சாய்கோட்டைக் கண்டதும் அவர்களுடைய பதிவு மென்பொருள் பெயரை இரண்டாக வெட்டிவிட்டது. என் பெயரும் இல்லை, அப்பா பெயரும் இல்லை, மிச்சம் நின்றது 'பி' மட்டும். இன்னாரின் மகன் என்று 'ஏ/எல்' போடும் தம்பிகளுக்கும் இதே கதிதான் என்று நினைக்கிறேன். கடப்பிதழின் படப் பக்கத்தில், அடியில் இருக்கும் அந்த இரண்டு வரிகளில் சாய்கோடு கிடையாது. அதை வட்டமிட்டு அனுப்பி, "இதில் இருப்பதுபோல் போடுங்கள்" என்றேன். திருத்திய கடிதம் மறுநாளே வந்தது. விசா பாரத்திலும் டிக்கெட்டிலும் சாய்கோட்டை விட்டுவிட்டேன், ஒரு தொந்தரவும் இல்லை.

பாரத்தை அனுப்பிப் பணம் கட்டிய பிறகு திருத்த முடியாது, கட்டிய பணமும் திரும்பாது. அதனால் கடப்பிதழ் எண்ணை வேறொருவரை வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். போய்ச் சேரும் தேதிக்குக் குறைந்தது 4 நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், ஆனால் கடைசி நேரம்வரை இழுக்காதீர்கள். அனுமதி வந்ததும் தாளில் அச்சடித்துக் கையில் வையுங்கள். பெங்களூரில் குடிநுழைவு அதிகாரி கைரேகை எடுத்தார், எந்த மாநாடு என்று கேட்டார், முத்திரை குத்தினார். இவ்வளவுதான். இதற்கா அத்தனை தூக்கம் கெட்டது!

இன்னொன்று: போர்டிங் பாஸைத் தாளிலேயே கேட்டு வாங்குங்கள். கைப்பேசியில் இருப்பது செலவுக் கணக்குக்குச் செல்லாது என்று எங்கள் நிதிப் பிரிவில் சொல்லிவிட்டார்கள். இப்போது விமான நிறுவனத்திடம் பயண உறுதிக் கடிதம் கேட்டு எழுதியிருக்கிறேன். பெயரை எப்படிப் போட்டு அனுப்பப் போகிறார்களோ!